பெருக்கித் தள்ளிய உப்பு

அந்த வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கையெழுத்து விழுந்தாக வேண்டும். நான் தங்கியிருந்த வீட்டின் ஃப்ரிட்ஜ் கதவில், கிளி பொம்மை ஒட்டிய காந்தத்துக்கு அடியில், அதற்கான படிவம் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மாவின் ஒரே மகளுக்குப் பதினாறு வயது. ஸ்பெயினில் ஒரு சிறிய ஊர்ப் பள்ளியில் ஆறு மாதம் படிக்கவும், அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கவும் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆகஸ்ட் கடைசியில் புறப்பட வேண்டும். வயது வராத பெண் என்பதால் அம்மா கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும். பொங்கலுக்கு முந்தின நாள் வரைக்கும் அவள் போடுவாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

நானும் அதே மாதிரி ஊர்விட்டு ஊர் வந்து, அடுத்தவர் வீட்டில் தங்கிப் படிக்கிறவள்தான். விருதுநகரிலிருந்து மான்ட்ரியலுக்கு வரும்போது, பிரெஞ்சுக் குடும்பம் ஒன்று அமையும், மூன்றே மாதத்தில் பிரெஞ்சைப் பிளந்து கட்டலாம் என்று கனவு கண்டுகொண்டு வந்தேன். பல்கலைக்கழகத்தில் அமைத்துக் கொடுத்தது கொலம்பியாவிலிருந்து வந்த குடும்பத்தை. அம்மா, மகள், அவ்வளவுதான். வீட்டுக்குள் ஸ்பானிஷ், வெளியே பிரெஞ்சு, எனக்காகக் கொஞ்சம் ஆங்கிலம். கடைசியில் பிரெஞ்சில் ‘போன்ஜூர்’, ‘மெர்சி’ தாண்டுவதற்குள் ஸ்பானிஷில் சண்டை போடுமளவுக்குத் தேறிவிட்டேன். மகளோ எனக்கு நேர் எதிர். ஸ்பானிஷ் வீட்டில் பேசுவாள், ஒரு வரி பிழையில்லாமல் எழுத வராது. அம்மாவின் மொழியில் ஒரு கடிதமாவது எழுதிவிட வேண்டும் என்பதற்காகத்தான் அவள் ஸ்பெயினுக்குப் போகத் துடித்தாள்.

வீட்டுக்கார அம்மாவை நான் சென்யோரா என்று கூப்பிடுவேன். அவள் ஒரு கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்தாள். மகள் என்னை அக்கா என்பாள். நான் சொல்லிக் கொடுத்த ஒரே தமிழ் வார்த்தை அது. அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. வெளியே போகும்போதும் வரும்போதும், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் போய்க் கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தச் சத்தம் எழுப்ப வேண்டும். பத்து நிமிடம் முன்னால் பார்த்திருந்தாலும் விலக்கு இல்லை. முதல் மாதம் நான் கூச்சத்தில் கதவோரமாகப் பூனை மாதிரி நழுவப் பார்ப்பேன். மகள் விடமாட்டாள். துரத்திக்கொண்டு வந்து கன்னத்தை நீட்டுவாள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நடந்ததில் அதற்கும் பங்கு இருக்கிறது. தீபாவளி அன்று சமையலறைத் தரையில் அரிசி மாவால் சின்னதாக ஒரு கோலம் போட்டிருந்தேன். சென்யோரா காப்பி போட வந்தவள் செருப்புக் காலை அதன் மேல் வைக்கப் போனாள். நான் போட்ட கத்தலில் அவள் பின்னால் குதித்து, கையில் இருந்த கோப்பையைக் கீழே போட்டுவிட்டாள். பிறகு வெட்கத்தோடு விளக்கினேன். போட்ட கோலத்தை யாராவது உடனே மிதித்தால் எங்கள் அம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள் என்றேன். சென்யோரா சிரித்தாள். ஆனால் அன்று முழுக்க அடுப்புக்குச் சுற்றிக்கொண்டுதான் போனாள்.

நாங்கள் இருந்தது முதல் மாடி. மான்ட்ரியலின் பழைய வீடுகளில் மாடிப்படி வீட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்து வளைந்து இறங்கும். ஐந்து மாதம் பனி கொட்டுகிற ஊரில் படியை யார் வெளியே வைக்கச் சொன்னது என்று நான் பார்க்கிறவர்களை எல்லாம் கேட்டிருக்கிறேன். எங்களுடையது பதினேழு இரும்புப் படிகள், உச்சியில் கதவுக்கு முன்னால் ஒரு மரத்தளம். பனி உறைந்து கால் வழுக்காமல் இருக்கத் தூவுவதற்காக, கதவோரம் ஒரு வாளியில் உப்பு இருக்கும். பார்வைக்கு நம்மூர்க் கல்லுப்பேதான். தினமும் சாயங்காலம் தளத்திலும் அதை ஒட்டிய முதல் படியிலும் அதைத் தூவுவது மகளின் வேலை. கையுறை நனைந்துவிடும் என்று வெறும் கையாலேயே அள்ளுவாள். குளிரில் வெடித்த விரல்களில் உப்புப் பட்டு எரிகிறது என்று கையை உதறிக்கொண்டு உள்ளே வருவாள்.

பொங்கல் அந்த வருடம் செவ்வாய்க்கிழமை வந்தது. எனக்கு எட்டரை மணிக்கு ஆய்வகம். ஆறு மணிக்கு விருதுநகரிலிருந்து அம்மா வீடியோவில் வந்தாள். அங்கே பொங்கல் பொங்கி, சாப்பிட்டு, சாயங்காலமே ஆகிவிட்டது. “வாசல்ல ஒரு சின்னக் கோலமாவது போட்டியாடி?” என்றாள். போடவில்லை என்றதும் முகம் வாடிப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை.

எழுந்து, சத்தம் இல்லாமல் கதவைத் திறந்தேன். வெளியே இன்னும் இருட்டு, மைனஸ் பன்னிரண்டு. கோலம் என்றால் அதற்கு ஒரு வரிசை உண்டு: பெருக்க வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், அப்புறம்தான் மாவு. துடைப்பத்தை எடுத்துத் தளத்தையும் முதல் படியையும் பெருக்கினேன். மேலாக இருந்த பனித்தூள், அதற்கு அடியில் கல் கல்லாக உப்பு, எல்லாவற்றையும் கம்பி இடுக்கு வழியாகக் கீழே தள்ளினேன். எங்கள் அம்மாவிடம் அடி வாங்கிப் பெருக்கக் கற்ற கை. ஒரு கல் மிச்சம் வைக்கவில்லை. பிறகு பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தேன். உறைந்துவிடக் கூடாது என்று வெந்நீராக எடுத்துக்கொண்ட என் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல. கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்து, முதல் படி வரைக்கும் ஓடியது.

ஐந்து புள்ளிக் கோலம். மாவு விழுந்த இடத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது. விருதுநகரில் ஒரு நாளும் எனக்குக் கோடு அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. விரல் மரத்துப்போனது. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். பாத்திரத்தை உள்ளே வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்து இறங்கினேன். கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்தது என்பதையும் கவனித்தேன். கவனித்தும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

பத்து மணிக்கு ஆய்வகத்தில் செய்தி வந்தது. மகள் அனுப்பியிருந்தாள். அம்மா படியில் விழுந்துவிட்டாள், வலது மணிக்கட்டு முறிவு, ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். படித்து முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கையில் இருந்த கண்ணாடிக் குழாயைக் கீழே வைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவள் ஏதோ கேட்டாள், என்ன கேட்டாள் என்று நினைவில்லை.

நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது படி முழுக்க உப்பு. மகள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அரை வாளியைக் கொட்டியிருந்தாள். தளத்தில் பனி இளகி, மாவும் உப்பும் கலந்து, எது எதுவென்று தெரியாத வெள்ளைக் குழம்பு. கோலம் இருந்த சுவடே இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு முதலில் வந்தது நிம்மதி.

உள்ளே சென்யோரா சோபாவில் இருந்தாள். மாவுக்கட்டுப் போட்ட கை ஒரு தலையணை மேல் கிடந்தது. கன்னத்தில் சிராய்ப்பு. மகள் எதிரில் நின்றிருந்தாள். நேற்றுச் சாயங்காலம் உப்புப் போட்டாயா என்று சென்யோரா கேட்டுக்கொண்டிருந்தாள். போட்டேன் என்றாள் மகள். அப்படியானால் தளத்தில் ஒரு கல்கூட ஏன் இல்லை? எனக்கு மட்டும்தான் பதில் தெரியும்.

“ஒரு கை உப்பை ஞாபகம் வெச்சுக்கத் தெரியாதவளை எந்த நம்பிக்கைல நான் கடல் தாண்டி அனுப்புறது?” என்றாள் சென்யோரா. எழுந்து போய், இடது கையால் கிளிக் காந்தத்தை விலக்கிப் படிவத்தை எடுத்தாள். மேசை டிராயரில் போட்டு மூடினாள். மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். மகளும் என்னைத்தான் பார்த்தாள்.

நான், “டீ போடவா?” என்றேன்.

அன்று மூன்று கோப்பை டீ போட்டேன். ஒருவரும் குடிக்கவில்லை.

புதன்கிழமை காலையில் அம்மா மறுபடி கூப்பிட்டாள். என் கோலம் அவளுடைய வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஏறி, சித்தி, அத்தை, எதிர்வீட்டு டீச்சர் என்று ஊரே பாராட்டித் தள்ளிவிட்டதாம். பனி விழுகிற ஊரிலும் பிள்ளை வாசல் தெளித்துக் கோலம் போடுகிறதே என்று அத்தை கண்கலங்கினாளாம். “இன்னிக்கும் போடுடி, நேத்தைவிடப் பெரிசா” என்றாள். தலைவலி என்று சொல்லி வைத்துவிட்டேன். என் படத்தைப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. அழிக்கவும் இல்லை.

மகள் காலை உணவு மேசையில் எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். அதற்கு முன் வழக்கம்போலக் கன்னத்தை வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அந்த மூன்று நாளும் அவள் அதைத் தவறவிடவில்லை. ஒவ்வொரு முறையும் எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவள் கண்கள் வீங்கியிருந்தன.

“அக்கா, நேத்து நீதானே முதல்ல வெளியே போன. தளத்துல உப்பு இருந்துச்சா?”

சொல்லியிருக்க வேண்டும். அதைவிட நல்ல வேளை இனி வராது என்று அப்போதே எனக்குத் தெரியும். அடுத்த வார்த்தையில் இந்த வீடு போய்விடும், ஜனவரிக் குளிரில் இரண்டு பெட்டியோடு தெருவில் நிற்பேன் என்று பயந்தேன். “இருட்டா இருந்துச்சு, நான் கவனிக்கல” என்றேன்.

அவள் தலையாட்டினாள். போட்டேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை போட்டதைத்தான் திங்கட்கிழமை போட்டதாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறேனோ என்னவோ என்றாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவளாகவே அம்மாவிடம், “நான் மறந்துதான் இருப்பேன்” என்று சொல்லி மன்னிப்புக் கேட்டாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். எந்தப் பாவமும் அறியாத ஒருத்தி, செய்யாததைச் செய்ததாக என் கண் முன்னால் நம்ப ஆரம்பித்துவிட்டாள். விழுந்தவளின் கைகூட ஆறு வாரத்தில் சேர்ந்துவிடும். இதை எப்படிச் சேர்ப்பது?

வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் போனேன். அங்கே யாழ்ப்பாணத்துக்காரர் நடத்துகிற மளிகைக் கடையில்தான் கோலத்துக்கு அரிசி மாவு வாங்கியிருந்தேன். கல்லாவில் இருக்கும் அக்கா நன்றாகப் பேசுவார். யாரிடமாவது தமிழில் சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போல இருந்தது. என் தோழி ஒருத்திக்கு நடந்ததாகக் கதையை ஆரம்பித்தேன். பாதியிலேயே பிடித்துவிட்டார்.

“தோழி எண்டு சொல்லுறது நீர்தானே?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“வந்த புதிசில நானும் செய்த விசர் வேலைதான். தைப்பொங்கலுக்கு வாசல்ல தண்ணி தெளிச்சனான், தபால்காரன் விழுந்தவன்.” சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் வாயே திறக்கேல்லை. நீரும் கதைக்காதையும். இந்தக் குளிருக்குள்ள அறை தேடி எங்க அலையப் போறீர்? அந்தப் பிள்ளை அடுத்த வருசம் போவாள் தானே.”

சரிதான் என்று தோன்றியது. கனிந்த மனதோடு சொல்லப்பட்ட, என் மனமே சொல்லிக்கொண்டிருந்த புத்திமதி. ஒரு பாக்கெட் முறுக்கு வேறு இலவசமாகக் கையில் திணித்தார். ஆனால் பஸ்ஸில் வரும்போது அந்த ‘அடுத்த வருசம்’ முள்ளாகக் குத்தியது. எனக்கு முதன்முதலில் வெளிநாட்டில் இடம் கிடைத்தபோது, உன் அக்கா கல்யாணம் முடியட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அப்பா கடிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அது நான்கு வருடம் பீரோவிலேயே இருந்தது. மறுபடி விண்ணப்பித்து, மறுபடி சண்டை போட்டு, அதற்கப்புறம்தான் நான் இங்கே வந்தேன். அடுத்த வருசம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் படிவத்தைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். மகள் அன்று காலை டிராயரைப் பார்க்கவே இல்லை. பையை மாட்டிக்கொண்டு, இரண்டு பேரின் கன்னத்தையும் தொட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் வகுப்புக்குப் போகவில்லை. சென்யோரா ஒற்றைக் கையால் காப்பி போட்டுக்கொண்டு வந்து உட்காரும் வரை காத்திருந்தேன். என் பெட்டிகளை முந்தின நாளே பாதி அடுக்கி வைத்திருந்தேன்.

போனைத் திறந்து படத்தை அவள் முன்னால் வைத்தேன். “உப்பைப் பெருக்கினது நான். தண்ணி ஊத்தினதும் நான். அவ திங்கக்கிழமை போட்டுத்தான் இருந்தா.”

சென்யோரா போனை இடது கையில் எடுத்தாள். கட்டை விரலால் படத்தைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நேர்ல இன்னும் அழகா இருந்துச்சு” என்றாள்.

“நீங்க பார்த்தீங்களா?” என்றேன்.

அன்று வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்ததுமே பார்த்தேன் என்றாள். விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது. தீபாவளிக்கு நான் போட்ட கத்தல் நினைவு வந்ததாம். மிதித்துவிடக் கூடாதே என்று அதைத் தாண்டி முதல் படியில் காலை வைக்கப் பார்த்தாள். அந்தப் படியில்தான் என் தண்ணீர் ஓடி உறைந்திருந்தது.

“அப்ப எல்லாம் தெரிஞ்சும் அவ மேல ஏன் பழி போட்டீங்க?” என்றேன்.

அவள் காப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கீழே கிடந்தப்ப அவதான் ஓடி வந்தா, வெறும் சாக்ஸோட. காலடில கோலம் மிதிபட்டு அழிஞ்சதைக்கூட அவ கவனிக்கல. என் தலையைத் தூக்கி மடில வெச்சுக்கிட்டா. அப்பத்தான் நினைச்சேன், செப்டம்பர்ல அவ இங்க இல்லாதப்ப விழுந்தா யாரு வருவா? உப்பு ஒரு சாக்கு.” பிறகு என்னை நேராகப் பார்த்தாள். “அன்னிக்குச் சாயங்காலமே நீ சொல்லிடுவேன்னு நினைச்சேன். நீ சொல்லியிருந்தா என் சாக்குப் போயிருக்கும். நீ டீ போட்டே.”

என் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் முழுக்க அவள் மேல் பாய்ந்தது. எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் எல்லாம் அன்றுதான் வெளியே வந்தது. உங்கள் மகள் தன் நினைவையே சந்தேகப்படுகிறாள், செய்யாத தப்புக்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்டாள், அதையும் கேட்டுக்கொண்டு சூப் குடித்தீர்களே என்று கத்தினேன். நானும் அதே மேசையில்தான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன் என்பது கத்தும்போதே உறைத்தது.

சென்யோரா அழுதாள். சத்தம் வராமல், மாவுக்கட்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு கேட்டாள்: “உன் அம்மா உன்னை எப்படி அனுப்பினா?”

“அழுதுகிட்டேதான். ஆனா என் மேல பழி போட்டு நிறுத்தல.”

அவள் ஆறிப்போன காப்பியைக் குடித்து முடித்தாள். பதினொரு மணி வாக்கில் எழுந்து போய் டிராயரைத் திறந்தாள். படிவம் மேசையில் நிற்காமல் நழுவியது. நான் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் இடது கையில் பேனாவைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். கார்தெரிக் குழந்தை எழுதிய மாதிரி இருந்தது. நான் கோலத்தைப் பார்த்ததையும் மகளிடம் சொல்லிவிடு, என்னால் முடியாது என்றாள்.

மெட்ரோவில் போய் இறங்கி, மதிய இடைவேளையில் பள்ளி வாசலுக்கு மகளை வரச் சொன்னேன். கோட்டுப் பொத்தான்கூடப் போடாமல் ஓடி வந்தாள், அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து. முதலில் படிவத்தைக் கொடுத்தேன். கையெழுத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியோடு நிறுத்திவிடலாமா என்று அந்தக் கடைசி நொடியிலும் ஒரு ஆசை வந்தது. நிறுத்தவில்லை. துடைப்பம், வெந்நீர், புதன்கிழமை நான் சொன்ன பொய், அவள் அம்மா கோலத்தைப் பார்த்தது, பார்த்தும் சொல்லாதது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தினால் தேவலை என்றும் இருந்தது. அவள் வலது கைக் கையுறையை மெதுவாகக் கழற்றினாள். ஆள்காட்டி விரல் கணுவில் வெடிப்பு, ஓரமெல்லாம் சிவந்து பொருக்குத் தட்டியிருந்தது.

“இங்கதான் உப்புப் பட்டு எரிஞ்சது. திங்கக்கிழமை சாயங்காலம்” என்றாள். “எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் சும்மா இருந்ததால, அது வேற ஏதோ நாள்னு என்னை நானே நம்ப வெச்சேன்.”

கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு, படிவத்தை மடித்துக் கோட்டுக்குள் வைத்தாள். நான் என்னை அறியாமல் கன்னத்தை முன்னால் நீட்டியிருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு திரும்பி உள்ளே போனாள்.